ஒரே ஒட்டு, வெவ்வேறு பால்

சுங்கைப்பட்டாணியில் என் பெரியம்மாவின் பேத்திக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, ஒரே தொலைபேசி அழைப்பில் முறிந்தது. பெண்ணைப் பிடித்திருந்தது, ஜாதகம் பொருந்தியிருந்தது, நாள் குறிப்பதுதான் பாக்கி. அதற்குள் யாரோ போய் ஓதிவிட்டார்கள்: "பொண்ணோட தாய்மாமன் ரம்புத்தான்ல இருந்தவராம்." மாப்பிள்ளையின் அத்தைதான் கூப்பிட்டார். "தப்பா நினைக்காதீங்க அக்கா. ரத்தத்துல ஓடுற விஷயம். நாளைக்குப் பிள்ளைங்களுக்கு வந்தா என்ன பண்றது?"

ரம்புத்தான் என்றால் மலேசியாவின் கெடா மாநிலத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஈப்போவுக்குப் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்றொரு சிற்றூர். 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர். மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். பழத்தின் பெயரைக் கொண்ட ஊரைப் பைத்தியத்தின் பெயராக்கி வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஒருவன் கொஞ்சம் உளறினாலே "ரம்புத்தானுக்கு பஸ் ஏத்திவிடு" என்போம். நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாய்மாமன், பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். இருபத்திரண்டு வயதில் நிரையின் நடுவே கத்தியைப் போட்டுவிட்டு நின்றுவிடுவார். மரங்களுக்குப் பின்னாலிருந்து யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பார். கிராணியார் தன் நெஞ்சுக்குள் ரேடியோ வைத்துவிட்டார் என்றார். முதலில் முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்தார்கள். பிறகு மலாய் மந்திரவாதியான போமோவிடம் போனார்கள். அதன் பிறகுதான் மருத்துவமனை. அவருக்கு வந்தது மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. இல்லாத குரல் கேட்பது, நடக்காத சதியை நடப்பதாக உறுதியாக நம்புவது, பேச்சும் எண்ணமும் கோவையிழப்பது, மெல்ல மெல்ல எதிலும் பிடிப்பில்லாமல் ஒதுங்குவது ஆகியவை இதன் அடையாளங்கள். உலகில் 2 கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அத்தையின் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் கேட்டது அறிவியல் நூறாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி. ரத்தத்தில் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால், எவ்வளவு?

இர்விங் காட்ஸ்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக நடந்த குடும்ப ஆய்வுகளைத் திரட்டி 1991இல் ஒரு கணக்குப் போட்டார். பொது மக்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு. உடன்பிறந்தவருக்கு இருந்தால் 9. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 13. இருவருக்கும் இருந்தால் 46. மாமன், சித்தப்பா, அத்தை போன்றோருக்கு இருந்தால் மருமகப் பிள்ளைகளுக்கு 4. நம் பெண் இந்தக் கடைசி வரிசையில் நிற்கிறாள். நூற்றில் 96 பங்கு அவளுக்கு வராது. அதுவும் பிறக்கும்போது போட்ட கணக்கு. நோய் பெரும்பாலும் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடையில் தலைகாட்டும். அவளுக்கு இப்போது இருபத்தேழு. ஆபத்தான வயதில் பெரும்பகுதியை அவள் கடந்துவிட்டாள். அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கோ உறவு இன்னும் ஒரு படி விலகிவிடும்.

"நாலு மடங்கு" என்று சொன்னால் அத்தை பயப்படுவார். "நூற்றுக்கு நாலு" என்றால் யோசிப்பார். இரண்டும் ஒரே எண்தான்.

அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. நோயாளிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருந்ததாகத் தெரியவில்லை. "எங்க பரம்பரையில கிடையாது" என்று மார்தட்டும் வீட்டிலும் இது முளைக்கும். பரம்பரையை அலசிப் பெண் எடுப்பவர்கள் அலசுவது சின்னக் குட்டையைத்தான். இதற்கிடையில் மாப்பிள்ளையின் அப்பா காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூவர் நீரிழிவுக்காரர்கள். அதுவும் ரத்தத்தில் ஓடுவதுதான். அதற்காக எந்தச் சம்பந்தமும் முறிந்து நான் கேட்டதில்லை.

குடும்பத்தில் ஓடுவதெல்லாம் மரபணுவால் ஓடுவதாகிவிடாது. ஒரே லயம், ஒரே சமையல், ஒரே அடி, ஒரே வறுமை. எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் லியோனார்ட் ஹெஸ்டன் என்ற மனநல மருத்துவர் ஒரு வழி கண்டார். மனச்சிதைவு நோயுள்ள தாய்மார்கள் பெற்று, பிறந்த சில நாளிலேயே பிரிக்கப்பட்டு வேறிடத்தில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். அவர்களில் ஐவருக்கு இந்த நோய். அதே போலப் பிரிந்து வளர்ந்த, ஆனால் நோயில்லாத தாய்க்குப் பிறந்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. 1966இல் வந்த இந்த முடிவு, "தாய் வளர்த்த விதம்தான் காரணம்" என்று அன்றைக்கு உரக்கப் பேசிய மருத்துவர்களின் வாயை ஓரளவு அடைத்தது. நம் தோட்டங்களில் சீனக் குழந்தைகளைத் தத்தெடுத்து, பொட்டு வைத்து, தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளை பேசும் தமிழ் வளர்த்தவர் கொடுத்தது, முகம் பெற்றவர் கொடுத்தது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஹெஸ்டன் செய்ததும் அந்தப் பிரிப்புதான்.

அடுத்து இரட்டையர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணு ஒன்றே. ஒருவருக்கு இந்த நோய் வந்தால் மற்றவருக்கும் வரும் அளவு, காட்ஸ்மன் கணக்கில் 48 விழுக்காடு. டென்மார்க் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில் 33. எப்படிப் பார்த்தாலும் பாதிக்குக் கீழே. மரபணு முழுதும் ஒன்றாக இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பிக்கிறார்கள்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. என் அம்மாவிடம் சொன்னபோது புரிந்தது. "இதுல என்னடா அதிசயம்? 600 மரம் எல்லாம் ஒண்ணா பால் குடுத்துச்சா?" என்றார்.

ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்பது மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ரகம். ட்ஜிர் 1, பி.பி. 86 என்ற இரண்டு ரகங்களின் கலப்பு. ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டி, அதிலிருந்து இன்னொன்று, இன்னொன்று என்று பெருக்கியது. ஆயிரம் மரம் நின்றாலும் தண்டும் கிளையும் மரபணுவில் ஒரே மரம். ஆனால் மேட்டில் நிற்பது வேறு மாதிரி, சதுப்பில் நிற்பது வேறு மாதிரி. அம்மாவின் நிரையில் ஒரு மரம் பால் மங்கு நிரம்ப வடியும், அடுத்தது பாதிக்கே நிற்கும், மூன்றாவது பட்டை காய்ந்து பாலே வராது. மண், நீர், இலையுதிர்க் காலம், முன்பு வெட்டியவன் பட்டையில் போட்ட காயம், இவற்றோடு ஒட்டின் அடியில் இருக்கும் வேர்க்கட்டை ஒவ்வொரு மரத்துக்கும் வேறு வேறு விதை. இரட்டையருக்கும் அப்படியே. தாயின் வயிற்றிலேயே ஒருவருக்கு ரத்தம் கூடவும் மற்றவருக்குக் குறையவும் கிடைக்கலாம்.

இந்த நோயின் மரபுப் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். இதைப் போலத் தப்பாகப் படிக்கப்படும் எண் வேறில்லை. தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கு 80 விழுக்காடு வரும் என்று பொருளே அல்ல. தோட்டத்துக்கே திரும்பலாம். ஒரே மண், ஒரே உரம், ஒரே வெட்டுக்காரர் உள்ள நிலத்தில் பத்து ரகங்களை நட்டால், பாலில் தெரியும் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் ரகத்தால் வந்தது. அங்கே மரபுப் பங்கு மிக அதிகம். மேடும் பள்ளமுமான நிலத்தில் 600 ஒன்றையே நட்டால் ஏற்றத்தாழ்வெல்லாம் மண்ணால் வந்தது. அங்கே மரபுப் பங்கு சுழியத்துக்கு அருகில். மரம் மாறவில்லை, நிலம் மாறியது, எண்ணும் மாறிவிட்டது. 80 என்பது ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைப் பற்றிய எண். என் அண்ணனுக்குள் இருக்கும் நோயை எண்பதும் இருபதுமாகப் பிளந்து காட்டும் எண் அல்ல. அது பெரும்பாலும் வடஐரோப்பாவின் இரட்டையரை வைத்து அளந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சரி, ரத்தத்தில் ஓடுவது எது? ஒற்றை மரபணு ஒன்று அகப்படும் என்று 1980களிலும் 90களிலும் பலர் தேடினார்கள். ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றில் உடைந்திருந்த மரபணு ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு நோயின் பெயரையே சூட்டினார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தியது. உலகின் மற்ற நோயாளிகளுக்கு அது திறவுகோலாகவில்லை. பிறகு உலகமெங்கும் ஆய்வாளர்கள் கைகோத்தார்கள். 2022இல் வெளியான பெரும் ஆய்வு 76,755 நோயாளிகளின் டி.என்.ஏ.வையும் நோயில்லாத 2,43,649 பேருடையதையும் ஒப்பிட்டது. அதில் 287 இடங்களில் வேறுபாடு தெரிந்தது. இவற்றில் பல மூளை நரம்பணுக்களில், குறிப்பாக இரண்டு நரம்பணுக்கள் சேதி கைமாற்றும் சந்திப்புகளில் வேலை செய்யும் மரபணுக்களை ஒட்டிய இடங்கள். ஒவ்வொன்றின் பங்கும் அற்பம். நூற்றில் 1 என்ற ஆபத்தை இவற்றில் ஒன்று 1.05 ஆக்கும், சில 1.1 ஆக்கும், அவ்வளவுதான். இவை அரிய கெடுதல்கள் அல்ல. மக்களிடம் பரவலாக இருக்கும் சாதாரண மாறுபாடுகள். எனக்கும் இருக்கும், படிக்கும் உங்களுக்கும் இருக்கும், அந்த அத்தைக்கும் இருக்கும். சொட்டுச் சொட்டாக மங்கில் விழுவது போல எல்லாருக்கும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. சிலருக்கு மட்டும், மற்ற காரணங்களும் சேர்ந்து, வழிந்துவிடுகிறது.

பெரிய அடி அடிக்கும் மாறுபாடுகளும் இல்லாமலில்லை. இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டுப் பிறப்பவர்கள் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர். அவர்களில் நால்வருக்கு ஒருவர் வளர்ந்தபின் மனச்சிதைவு போன்ற நோய்க்கு ஆளாகிறார். இப்படிப்பட்டவை அரிது. பல நேரங்களில் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுபவை. ஆக, பரம்பரை விசாரணையில் அவை பெரும்பாலும் சிக்கா.

இத்தனை இடங்களில் என்னை அதிகம் கவர்ந்தது ஆறாம் குரோமோசோமில் இருக்கும் சி4 என்ற மரபணு. இது உண்மையில் நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்தது. கிருமியின் மேல் "இதை அகற்று" என்று முத்திரை குத்துவது இதன் வேலை. 2016இல் ஸ்டீவன் மெக்கரோல், பெத் ஸ்டீவன்ஸ் ஆகியோரின் ஹார்வர்டு குழுக்கள், இதே முத்திரை மூளையிலும் குத்தப்படுவதைக் காட்டின. குழந்தைப் பருவத்தில் நரம்பிணைப்புகள் தேவைக்கு மேல் முளைக்கின்றன. விடலைப் பருவத்தில் வேண்டாதவை கழிக்கப்படுகின்றன. கெடாவில் பால்மரம் அழிந்து செம்பனை வந்த இடங்களில் மட்டை வெட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழைய மட்டையைக் கழிக்காவிட்டால் குலைக்கு வழியில்லை. பச்சை மட்டையையும் சேர்த்துக் கழித்தால் மரம் இளைத்துக் காய்ப்புக் குறையும். சி4இன் ஒரு வகை அதிகமாகச் செயல்படுகிறவர்களிடம் இந்த நோயின் ஆபத்து ஓரளவு கூடுகிறது. மட்டை வெட்டும் கை கொஞ்சம் வேகமாகிவிடுகிறது என்று கருதுகிறார்கள். நோய் ஏன் ஐந்து வயதில் வராமல் பதினெட்டு, இருபதில் வருகிறது என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல விளக்கங்களில் இது ஒன்று. என் அண்ணனின் இருபத்திரண்டு வயது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்தப் பெரிய ஆய்வுகளில் ஒரு குறை இருக்கிறது. டி.என்.ஏ. கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர், அடுத்து கிழக்காசியர். சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களிலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய கூட்டத்தின் பேரர்கள் அந்தக் கணக்கில் மிகக் குறைவு. தமிழரை வைத்து நடந்த குறிப்பிடத்தக்க வேலை சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் அங்கே தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனமும், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் பல ஆண்டுகள் மாதிரி சேகரித்தன. 3,092 பேரிடம் தொடங்கி, 2019இல் வெளியான அந்த ஆய்வு எட்டாம் குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்டியது. அங்கே இருக்கும் மரபணு, நயாசின் என்ற பி3 வைட்டமினை உடல் பயன்படுத்தும் பாதையில் வேலை செய்வது.

நயாசின் என்றதும் எனக்கு இன்னொரு தமிழர் நினைவுக்கு வந்தார். சேலத்தில் பிறந்த சி. கோபாலன், ஹைதராபாத்தில் சோளத்தையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழைகளிடம் பெல்லாக்ரா என்ற நோயை ஆராய்ந்தவர். தோல் கருகும், வயிறு போகும், முற்றினால் புத்தி பேதலிக்கும். அடிப்படை நயாசின் குறை. மனச்சிதைவு நோயாளிகள் பலரிடம் நயாசின் பட்டால் தோல் சிவப்பது குறைவு என்பதும் வெகுநாளாகத் தெரிந்த சங்கதி. இத்தனையும் சேர்ந்ததும் "அப்போ வைட்டமின் மாத்திரை போதுமே" என்று கிளம்பிவிடாதீர்கள். 1950களில் கனடாவில் நயாசினை அள்ளிக் கொடுத்து மருத்துவம் செய்து பார்த்தார்கள். பிறகு முறையாகச் சோதித்தபோது அது பலிக்கவில்லை. ஒரு பாதையில் விளக்கு எரிவது தெரிகிறது, வீடு எங்கே என்று இனித்தான் பார்க்க வேண்டும்.

மரபணுவை இவ்வளவு பேசிவிட்டு மண்ணை விட்டுவிட முடியாது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் முற்றுகையால் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவான குழந்தைகள் வளர்ந்தபின் அவர்களிடம் மனச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்பட்டது. 1959-61 சீனப் பஞ்சத்திலும் அதே அளவு. ஹாலந்தைப் பட்டினி போட்ட அதே இரண்டாம் உலகப் போரில் கெடாத் தோட்டங்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்திருந்தன. ஆண்களை சயாம் ரயில் பாதைக்கு ஜப்பானியர் அள்ளிச் சென்றார்கள். 1943இல் கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஆண்டில்தான் என் பாட்டி பெரியம்மாவை வயிற்றில் சுமந்தார். பசியும் ஒரு பரம்பரைச் சொத்துதான்.

இடம்பெயர்வும் அப்படியே. நார்வேயிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடியேறியவர்கள், சொந்த ஊரில் தங்கிவிட்டவர்களைவிட அதிகமாக இந்த நோயால் மருத்துவமனை சேர்ந்ததை ஓடெகார் என்ற ஆய்வாளர் 1932இலேயே எழுதினார். குடியேறியவர்களின் பிள்ளைகளிடமும் ஆபத்து கூடுதலாக இருப்பதைப் பிற்கால ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. ஒரு தலைமுறைக்குள் மரபணு அப்படி மாறாது. கஞ்சாவும் இந்தப் பட்டியலில் உண்டு. வீரியமானதைத் தினமும் புகைக்கிறவர்களிடம் மனப்பிறழ்வு பல மடங்கு. நம் பக்கத்து இளைஞர்களிடம் புழங்கும் சியாபு என்ற போதைப்பொருள், மனச்சிதைவையே அச்சாகப் போலச் செய்யும் நோயைக் கொண்டுவரும். பையன் சுவரோடு பேசுகிறான் என்றால் முதலில் குடும்ப மரத்தைத் தோண்டாமல் அவன் சட்டைப்பையைப் பாருங்கள் என்று கூலிம் மருத்துவர் ஒருவர் சொல்வார்.

"அப்போ கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துட்டா?" இது பெரியம்மா கேட்டது. தலசேமியா என்ற ரத்த நோய்க்கு எடுக்கலாம், மாணவர்களுக்குப் பள்ளியிலேயே எடுக்கிறார்கள். அங்கே கேள்வி ஒற்றை மரபணுவைப் பற்றியது. தாயும் தகப்பனும் அதைச் சுமந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் என்று கணக்குப் போட முடியும். மனச்சிதைவுக்கு அப்படி ஒரு சோதனை இல்லை. ஆயிரக்கணக்கான மாறுபாடுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஆய்வகங்களில் இருக்கிறது. ஆனால் ஆபத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது விளக்குவதில்லை. ஐரோப்பியரை வைத்துச் செய்த தராசில் தமிழரை நிறுத்தினால் முள் இன்னும் ஆடும். இணையத்தில் எச்சிலை அனுப்பச் சொல்லிப் பணம் வாங்கும் கம்பெனிகள் தரும் காகிதத்தை வைத்துச் சம்பந்தம் பேசுவதும் கிளி ஜோசியமும் என் கணக்கில் ஒன்று.

அண்ணனுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை அரசு கிளினிக்கில் ஊசி. குரல்கள் முழுதும் போகவில்லை. "பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, சத்தம் குறைச்சு வச்சிருக்கு" என்பார். கோழி வளர்க்கிறார். மருமகள் கல்யாணம் நின்றதற்கு யார் காரணம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் லூனாஸ் பக்கத்திலிருந்து இன்னொரு வரன் வந்திருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று அண்ணனை உள்ளறையில் உட்கார வைக்கலாம் என்று யாரோ சொல்ல, பெரியம்மா ஒப்பவில்லை. வெற்றிலைத் தட்டு எடுத்து வந்ததே அவர்தான். ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் போட்டு, கேட்டார்களா என்றேன்.

"கேட்டாங்க. அவனுக்கு என்ன, எப்ப வந்துச்சு, எங்க ஊசி போடுறான், எல்லாம் சொன்னேன். அப்புறம் அவங்க வீட்ல யார் யாருக்கு என்னென்னன்னு நானும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்."